மூன்று முறை இறுதிச் சுற்று, ஒரு முறைகூடக் கோப்பை இல்லை: அப்பாவின் நோட்டும் டேவிஸ் கோப்பையும்

மாம்பலம் ரகு (இழையைத் தொடங்கியவர்)
சனி, காலை 7:40

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அப்பாவின் பழைய லாங் சைஸ் நோட்டு ஒன்று கிடைத்தது. வீட்டுக் கணக்கு என்று நினைத்துப் பழைய பேப்பர் கட்டோடு சேர்த்துவிட்டேன். கடைக்காரர் தராசில் வைக்கும்போதுதான் படம் ஒன்று நழுவி விழுந்தது. உள்ளே முழுக்க டென்னிஸ். ஹிந்துவில் வந்த படங்களை மைதா பசை காய்ச்சி ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் ஸ்கோர் எழுதி வைத்திருக்கிறார். டேவிஸ் கோப்பை மட்டும்தான், நாட்டுக்கு நாடு அணியாக மோதும் போட்டி. விம்பிள்டன் எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். "அது தனி ஆள் சமாச்சாரம்டா" என்பார்.

1974-க்கு வந்தால் ஒரு பக்கத்தில் "இறுதி ஆட்டம்: தென்னாப்பிரிக்கா" என்று தலைப்பு. கீழே ஸ்கேல் வைத்து ஐந்து கோடு, ஐந்து ஆட்டத்துக்கு (நாலு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ்). கோட்டின் மேல் ஒன்றுமே இல்லை.

ஆபீசில் இதைச் சொன்னேன். பக்கத்து சீட் பையன், "டேவிஸ் கோப்பைன்னா பயஸ்தானே சார்" என்றான். அவன் பிறப்பதற்கு முன்பே நாம் மூன்று முறை இறுதிக்குப் போயிருக்கிறோம் தம்பி என்றால் நம்ப மாட்டேன் என்கிறான். 1966-ல் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவிடம் 1-4. 1974-ல் நிறவெறி அரசு நடத்திய நாட்டோடு ஆட மாட்டோம் என்று ஒதுங்கினோம், கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 1987-ல் கோதன்பர்கில் ஸ்வீடனிடம் 0-5.

என் கேள்வி இதுதான்: இந்த மூன்றில் எதை நாம் ஜெயித்திருப்போம்? என் ஓட்டு 1974-க்கு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். இந்திய அணி என்று பெயர்தானே தவிர, பாதி பாரத்தைச் சுமந்தது மெட்ராஸில் இரண்டு வீடு. கிருஷ்ணன் வீடு (அப்பா ராமநாதன், மகன் ரமேஷ்), அமிர்தராஜ் வீடு (அண்ணன் ஆனந்த், தம்பி விஜய்).

போரூர் பாலா
சனி, காலை 8:15

ஆரம்பித்தாயிற்றா மெட்ராஸ் பெருமை! ரகு சார், 1966 அணியில் ராமநாதன் கிருஷ்ணன் இருந்தார், சரி. ஜெய்தீப் முகர்ஜியும் பிரேம்ஜித் லாலும் கல்கத்தாக்காரர்கள். மெல்பர்னின் கூயாங் புல்தரையில் நாம் எடுத்த ஒரே பாயிண்ட் டபுள்ஸில். நியூகோம்ப், ரோச் ஜோடியை, அதுவும் அவர்கள் ஊரிலேயே, கிருஷ்ணனோடு சேர்ந்து வீழ்த்தியது முகர்ஜி. நாலு சிங்கிள்ஸும் போச்சு, கிருஷ்ணன் ஆடிய இரண்டும் சேர்த்துத்தான்.

இன்னும் பின்னால் போனால் 1921. முதல் முறையாகக் கலந்துகொண்ட வருஷமே பாரிஸில் பிரான்ஸை 4-1 என்று ஜெயித்து, அப்புறம் சிகாகோவில் ஜப்பானிடம் தோற்றோம். சலீம், ஜேக்கப், டீன், ஃபைஸி என்று நாலு பேர். உங்கள் இரண்டு வீடும் அப்போது எங்கே?

கிண்டி கீதா
சனி, காலை 9:02

பாலா தம்பி, நான் ரகு அண்ணா பக்கம். 66-ல் மெல்பர்னுக்குப் போவதற்கு முன்னால் கல்கத்தாவில் பிரேசிலோடு ஆடினோமே, அதை விட்டுவிட்டீர்களே. 2-2 என்று நிற்கிறது. கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தோமாஸ் கோக்குக்கும். 3-6, 6-4, 10-12. நாலாவது செட்டில் 2-5 என்று பின்னால் இருக்கிறார். ஒரே ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து 7-5, அடுத்த செட் 6-2.

எங்கள் அம்மா இந்தக் கதையைச் சொல்லாத தீபாவளி கிடையாது. மாமா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாராம். 2-5 ஆனதும் "போச்சு" என்று எழுந்து குளிக்கப் போய்விட்டாராம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் 5-5. அதற்குப் பிறகு வீட்டில் யார் எந்த மேட்ச் பார்த்தாலும், நம் ஆள் தோற்கிற மாதிரி இருந்தால் மாமாவைக் குளிக்க அனுப்பிவிடுவார்கள். கிரிக்கெட்டுக்கும் அதே கதிதான்.

கிருஷ்ணன் ஆட்டத்தைப் பற்றி மாமா சொன்னது ஞாபகம் இருக்கிறது: "சர்வீஸ்னு ஒண்ணு போடணுமேன்னு போடுவார்." பலம் கிடையாது. பந்தை எதிராளி இல்லாத இடத்தில் கொண்டு வைப்பார், அவ்வளவுதான். அப்படி ஆடித்தான் 1960, 61 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. 59-ல் டேவிஸ் கோப்பையில் ராட் லேவரையே அடித்தார். மகன் ரமேஷும் அச்சு அசல் அதே கை.

டைபிரேக் தினேஷ்
சனி, காலை 10:30

10-12-ஆ? டைபிரேக் இல்லையா?

மாம்பலம் ரகு
சனி, காலை 11:10

இல்லை தம்பி. 6-6 ஆனால் ஒரே கேமில் செட்டை முடிக்கிற டைபிரேக் டேவிஸ் கோப்பையில் 1989-ல்தான் வந்தது, அப்போதும் கடைசி செட்டுக்கு வைக்கவில்லை. அதற்கு முன்னால் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அது என்ன கூத்து என்று தெரிய வேண்டுமென்றால் 1974 மே மாதம் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவோடு ஆடியதைப் பார். அப்பா நோட்டில் இதற்கு மட்டும் இரண்டு பக்கம். அப்படியே தட்டச்சு செய்கிறேன்.

முதல் நாள் ஜஸ்ஜித் சிங், பாப் கில்டினனை 11-9, 9-11, 12-10, 8-6 என்று ஜெயித்தார். அடுத்து விஜய் அமிர்தராஜ், ஜான் அலெக்சாண்டரிடம் 12-14, 15-17, 8-6, 2-6 என்று தோல்வி. 1-1.

மறுநாள் டபுள்ஸ். ஆனந்தும் விஜய்யும், எதிரே அலெக்சாண்டரும் டிப்லியும். 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. இந்த ஒரு ஆட்டம் மட்டும் 99 கேம்! அப்பா "99" என்று போட்டு இரண்டு வட்டம் சுழித்திருக்கிறார்.

மூன்றாம் நாள் ஜஸ்ஜித்தை அலெக்சாண்டர் 8-6, 6-4, 6-3 என்று முடித்துவிட, 2-2. கடைசியில் விஜய் கில்டினனை நாலு செட்டில் வென்று 3-2.

கல்கத்தா மே மாத வெயிலில், வேர்வையில், மூன்று நாள். யாரும் மயங்கி விழாததே பெரிசு. டேவிஸ் கோப்பையில் ஒரே மோதலில் அதிக கேம்கள் ஆடியது இதுதான் என்று இன்றுவரை சாதனை. அப்பா கூட்டி 326 என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம் பூனாவில் சோவியத் யூனியனை 3-1. அவ்வளவு பாடுபட்டு இறுதிக்கு வந்த அணிதான் ஆடாமல் நின்றது. தென்னாப்பிரிக்காவிடம் ஹ்யூவிட், மெக்மில்லன் என்ற அருமையான டபுள்ஸ் ஜோடி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சிங்கிள்ஸில் அந்த வருஷத்து விஜய்க்கு ஈடாக அவர்களிடம் ஆள் கிடையாது. விஜய் 73-ல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் கால் இறுதி, 74-ல் மறுபடி அமெரிக்கக் கால் இறுதி. வயது இருபது.

போரூர் பாலா
சனி, மதியம் 12:25

ஆடியிருந்தால் எங்கே ஆடியிருப்பார்கள்? ஜோஹன்னஸ்பர்க். இத்தாலியை அங்கேதான் அவர்கள் அரையிறுதியில் வென்றார்கள். அந்த உயரத்தில் பந்து பறக்கும். நம் ஆட்களுக்குப் பழக்கமில்லாத ஊர். சும்மா ஜெயித்திருப்போம், ஜெயித்திருப்போம் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

டைபிரேக் தினேஷ்
சனி, மதியம் 12:50

தப்பாக எடுத்துக்காதீங்க. ஆடாமல் இருந்து என்ன கிடைத்தது? கோப்பை அவர்களுக்கே போயிற்று. போய் ஆடி, அவர்கள் மண்ணிலேயே அடித்திருந்தால் அதுதானே மூஞ்சியில் கரி பூசுவது? 73-ல் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷ் அங்கே போய் ஆடினாரே.

கிண்டி கீதா
சனி, மதியம் 2:40

தினேஷ், ஆஷ் போனார், உண்மை. பல வருஷம் விசா மறுத்த பிறகு 73-ல்தான் விட்டார்கள். அவர் போனது சரியா என்று அவர் பக்கத்து ஆட்களே சண்டை போட்டார்கள். அது தனி மனிதரின் முடிவு. நாடு என்று ஒரு கொடியோடு போவது வேறு.

இதை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். 1860-ல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு முதலில் போனதே, ட்ரூரோ என்ற கப்பல், அது கிளம்பியது எங்கிருந்து? இதே மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து. அவர்கள் பேரன், கொள்ளுப்பேரன்கள் 74-லும் அங்கேதான் இருந்தார்கள். கோவிந்தர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று பெயர் வைத்துக்கொண்டு, அரசாங்கம் ஒதுக்கிய பகுதியில் மட்டும் வீடு கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர் பெஞ்சில் உட்கார முடியாமல். நம் பையன்கள் போய் ஆடினால் அவர்களைக் கைதட்டக் கூப்பிடுவோம், அதுவும் தனிக் கூண்டில் நிற்க வைத்து. அப்படிப்பட்ட இடத்தில் ஜெயித்த கோப்பையை மெரினாவில் ஊர்வலம் விட்டிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

விஜய் அமிர்தராஜே பின்னாளில் பலமுறை சொல்லிவிட்டார், எடுத்த முடிவு சரிதான் என்று. இழந்தவர் அவர். அவருக்கே வருத்தம் இல்லை என்றால் நமக்கு எதற்கு?

மாம்பலம் ரகு
சனி, மாலை 4:05

கீதாம்மா, சரி என்று ஒத்துக்கொள்கிறேன். 1970-ல் தென்னாப்பிரிக்காவைப் போட்டியிலிருந்து விலக்கியவர்கள் 73-ல் மறுபடி சேர்த்திருக்கக் கூடாது. தப்பு அங்கே ஆரம்பித்தது. ஆனால் சரியான முடிவு என்பதும் வலிக்கிற முடிவு என்பதும் ஒரே நேரத்தில் இருக்கலாம் இல்லையா? அந்த ஐந்து கோட்டைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது.

ஓய்வுபெற்ற சுந்தரம்
சனி, மாலை 6:30

இழை நன்றாகப் போகிறது. 1987 பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அது நான் கண்ணால் பார்த்தது, தூர்தர்ஷனில்.

அந்த வருஷம் நம்மிடம் இருந்தது என்ன? 33 வயது விஜய், தரவரிசையில் எங்கோ கீழே. அவருக்கு மேலும் மூத்த ஆனந்த். ஒழுங்காக டூரில் ஆடிக்கொண்டிருந்தது ரமேஷ் ஒருவர்தான். முதல் சுற்றில் டெல்லிப் புல்தரையில் அர்ஜென்டினா. விஜய், மார்ட்டின் ஜெய்ட்டேயிடம் ஒரு மேட்ச் பாயிண்ட் வரை போய் மீண்டார். அந்த ஒரு பந்து போயிருந்தால் அர்ஜென்டினா அன்றே மூட்டை கட்டிக்கொண்டு ஜாலியாகப் போயிருக்கும். அப்புறம் இஸ்ரேலை டெல்லியில் 4-0. அரையிறுதி சிட்னியில், ஆஸ்திரேலியாவின் புல்லில். முதல் நாளே ரமேஷ் ஃபிட்ஸ்ஜெரால்டையும் விஜய் வாலி மாசுரையும் வீழ்த்தினார்கள். 2-0. ஆஸ்திரேலியா விடாமல் 2-2 ஆக்கியது. ஐந்தாவது ஆட்டம் ரமேஷுக்கு மாசுர். அந்த வருஷம் ஜனவரியில்தான் மாசுர் ஆஸ்திரேலிய ஓப்பனில் பெக்கரையே தூக்கி எறிந்திருந்தார். ரமேஷ் நேர் செட்டில் முடித்தார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பேங்க் கவுண்டரில் செல்லான் எழுதுகிறவர் மாதிரி.

இறுதி ஆட்டம்? ஸ்வீடன்காரன் முட்டாளா? கோதன்பர்கில் கூரை போட்ட அரங்கில் செம்மண்ணைக் கொட்டி வைத்திருந்தான். விலாண்டருக்கு அது வீட்டுக் கொல்லைப்புறம். ஐந்தும் போயிற்று. ஆகவே ரகு கேட்ட கேள்விக்கு என் பதில்: 87-ல் வாய்ப்பே இல்லை, 66-ல் ஆஸ்திரேலியாவிடம் எமர்சனும் ஸ்டோலும் இருக்கும்வரை இல்லை. 74-ல் இருந்தது. ஆனால் கீதா சொன்னதுதான் சரி.

போரூர் பாலா
சனி, இரவு 8:10

சுந்தரம் சார் சொன்னதிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது பாருங்கள். நம்முடையது புல்தரை அணி. கல்கத்தா, டெல்லி, சிட்னி எல்லாம் புல். மண்ணில் போட்டால் அம்பேல். உலகம் புல்லை விட்டுச் செயற்கைத் தரைக்குப் போனதும் நம் கதை முடிந்தது. 2019-ல் இத்தாலியை அதே கல்கத்தா சவுத் கிளப்புக்குக் கூட்டிவந்து புல்லில் ஆடிப் பார்த்தோமே. 1-3. பழைய வித்தை பலிக்கவில்லை.

ஓய்வுபெற்ற சுந்தரம்
சனி, இரவு 8:50

அப்படியானால் 1993 ஃப்ரெஜுஸை எங்கே வைப்பீர்கள்? பிரான்ஸின் தென்கரையில், சுத்தமான செம்மண். இருபது வயது லியாண்டர் பயஸ், லெகோன்ட்டையும் போஷையும் வீழ்த்தினான். தீர்மானிக்கிற ஆட்டத்தில் ரமேஷ், ரொடால்ஃப் ஜில்பேரை. ஓய்வு பெறப்போகிற வருஷம் அது ரமேஷுக்கு. புல்தரை அணியாம்!

போரூர் பாலா
சனி, இரவு 8:58

சரி சார், ஃப்ரெஜுஸை மறந்துவிட்டேன். வாபஸ். ஆனால் அடுத்து அரையிறுதியில் சண்டிகரில் ஆஸ்திரேலியா 5-0 என்று துவைத்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

டைபிரேக் தினேஷ்
ஞாயிறு, காலை 9:20

நான் பார்த்த ஒரே டேவிஸ் கோப்பை 2010 செப்டம்பர், நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், பிரேசில். காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் சோம்தேவ், போபண்ணா இரண்டு பேருமே ஐந்து செட் ஆடித் தோற்றார்கள். 0-2. ஹாஸ்டலில் மீதி டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றேன், ஒருத்தனும் வாங்கவில்லை. வாங்காதவனுக்கெல்லாம் கோயில் கட்ட வேண்டும்.

இரண்டாம் நாள் பயஸ், பூபதி டபுள்ஸை எடுத்தார்கள். மூன்றாம் நாள் சோம்தேவுக்கு எதிரே பெலூச்சி. நம் ஊர் செப்டம்பர் உங்களுக்கே தெரியும், மழையும் வராது, காத்தும் வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியவில்லை, ஹிந்து பேப்பரை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். முதல் செட் டைபிரேக்கில் சோம்தேவுக்கு. அதற்கப்புறம் பெலூச்சி ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்க ஆரம்பித்தார். டவலைத் தலையில் போட்டுக்கொண்டார். இரண்டாவது செட்டில் 0-4. கை கொடுத்துவிட்டார். என் பின்னால் இருந்த பெரியவர், "மோர் குடுத்திருந்தா ஆடியிருப்பான்" என்றார், உண்மையான கவலையோடு.

2-2. அப்புறம் போபண்ணா மெல்லோவை நேர் செட்டில். தொண்டை கட்டி மூன்று நாள் பேச முடியவில்லை.

கிண்டி கீதா
ஞாயிறு, காலை 10:05

அதற்கு முந்தைய வருஷம் இதே ஸ்டேடியத்துக்கு ஆஸ்திரேலியா வர வேண்டியது, ஞாபகம் இருக்கிறதா? 2009 மே. தேர்தல் நேரம், பாதுகாப்பு இல்லை என்று வேறு ஊர் கேட்டார்கள், கிடைக்கவில்லை, வரவே இல்லை. நமக்கு வாக்கோவர். நான் அந்த வாரம் முழுக்க 17டி-யில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனேன், எனக்கு ஒரு பாதுகாப்பும் யாரும் தரவில்லை. நாம் ஆடாமல் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இது என்ன காரணம்?

ஓய்வுபெற்ற சுந்தரம்
ஞாயிறு, காலை 11:30

2010 வெற்றிதான் நம்மைக் கடைசியாக உலகப் பிரிவில், அதாவது முதல் பதினாறு அணிகள் ஆடிய மேல் பிரிவில், நிற்க வைத்தது. அடுத்த மார்ச்சில் செர்பியாவிடமும், செப்டம்பரில் ஜப்பானிடமும் தோற்று இறங்கினோம்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பயஸும் பூபதியும் டேவிஸ் கோப்பை டபுள்ஸில் தொடர்ச்சியாக 24 ஆட்டம் ஜெயித்தார்கள், அதில் சில வருஷம் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாமலே. யாராலும் தொட முடியாத சாதனை. ஆனால் டபுள்ஸுக்கு ஐந்தில் ஒரு பாயிண்ட்தான். ஒரு பாயிண்டைப் பையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டுக்கு வருஷா வருஷம் யாரையாவது தேடிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணனும் விஜய்யும் ரமேஷும் சிங்கிள்ஸ் ஆடி டபுள்ஸும் ஆடினார்கள். பையன்கள் சீக்கிரமே டபுள்ஸுக்குத் தாவியது 2000-க்குப் பிறகு வந்த பழக்கம். காசு வரும், உடம்பு தாங்கும், குறை சொல்ல முடியாது. அணிக்குத்தான் நஷ்டம்.

மாம்பலம் ரகு
ஞாயிறு, மதியம் 1:15

சுந்தரம் சார், பயஸே கூட மெட்ராஸில் அமிர்தராஜ் அகாடமியில் வளர்ந்த பையன்தான். பாலா படிக்கவும்.

சிங்கிள்ஸுக்கு வருகிறேன். போன செப்டம்பர், அதாவது 2025, சுவிட்சர்லாந்தில் பீல் என்ற ஊரில் நாம் 3-1 என்று ஜெயித்தோமே, பார்த்தீர்களா? ஐரோப்பிய அணியை அவர்கள் ஊரில் வென்றது, சுந்தரம் சார் சொன்ன அந்த ஃப்ரெஜுஸுக்குப் பிறகு இப்போதுதான். அணிக்காக முதல் முறை களம் இறங்கிய பையன் ஜெரோம் கிம்மை நேர் செட்டில் வீழ்த்தினான். தக்ஷிணேஸ்வர் சுரேஷ். மதுரைக்காரன். சுமித் நாகல் மற்ற இரண்டையும் எடுத்தார். டபுள்ஸ்தான் தோற்றது, வேடிக்கையைப் பாருங்கள்.

போரூர் பாலா
ஞாயிறு, மதியம் 1:40

மதுரை! மெட்ராஸ் இல்லை. இதையும் படிக்கவும்.

2024-ல் இஸ்லாமாபாத் போய்ப் பாகிஸ்தானை 4-0 என்று ஜெயித்ததில் ராம்குமார் உங்கள் சென்னை, ஸ்ரீராம் பாலாஜி கோயம்புத்தூர். இரண்டு வீட்டுக் கதையை மூன்று ஜில்லாக் கதையாக மாற்றிக்கொள்ளுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் உங்கள் அப்பா கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஜஸ்ஜித் முதல் ஆட்டம் 76. விஜய், அலெக்சாண்டர் 80. டபுள்ஸ் 99. ஜஸ்ஜித் இரண்டாவது 33. கடைசி ஆட்டம் நீங்கள் ஸ்கோர் போடவில்லை, தேடி எடுத்தேன்: 6-1, 5-7, 6-4, 6-4. அது 39. மொத்தம் 327 சார், 326 இல்லை. சாதனைப் பட்டியலிலும் 327தான்.

மாம்பலம் ரகு
ஞாயிறு, மாலை 5:20

பாலா, நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி ஆட்டத்தில் இரண்டாவது செட்டை 5-6 என்று எழுதியிருக்கிறார். ஐம்பது வருஷம் கழித்து எங்கள் அப்பாவுக்கு ஆடிட் போட்ட முதல் ஆள் நீங்கள்தான். எல்.ஐ.சி.யில் முப்பத்தொரு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவர்! அந்த வரி மட்டும் எழுத்து கொஞ்சம் சாய்ந்து ஓடுகிறது. ஜெயித்த செய்தியைக் கேட்டதும் அவசரத்தில் எழுதியிருப்பார்.

தினேஷ், கீதாம்மா, நோட்டை நீங்களும் பாருங்கள். நாளைக்கு ஆபீஸ் போகிற வழியில் ரங்கராஜபுரம் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து ஏற்றுகிறேன். 1966-ஆம் வருஷத்துப் பக்கங்களில் பசை காய்ந்து உதிர்கிறது, அதைப் பிரிக்காமல் போனில் படம் எடுத்துப் போடுகிறேன்.